வெட்டி எறியப்படும் காரணங்கள்: ரியாலிட்டி நிகழ்ச்சிகளும் ஓமலூர்க் குடும்பங்களும்

தொலைக்காட்சியில் கணவனும் மனைவியும் எதிரெதிராக உட்கார்ந்து ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சுமத்தும்போது, பார்ப்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, இது நிஜமா, சொல்லிக்கொடுத்துப் பேசவைத்ததா என்பதுதான். ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பற்றித் தமிழில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியில் தொடங்கி இதிலேயே முடிந்துவிடுகிறது. அழுகை உண்மையென்றால் நிகழ்ச்சியும் உண்மை, அழுகை நடிப்பென்றால் எல்லாமே பொய் என்று கணக்கு முடிக்கப்படுகிறது. இந்த அளவுகோல் போதாது. ஒருவர் சிந்தும் கண்ணீர் முழுக்க உண்மையாக இருந்தும் அவருடைய வாழ்க்கையைப் பற்றி நிகழ்ச்சி சொல்வது பொய்யாக இருக்க முடியும். ஒரு குடும்பத்தின் துயரத்தை அதன் காரணங்களிலிருந்து பிரித்தெடுத்து, வெறும் குணக்கேடாகக் காட்டும்போது அதுதான் நடக்கிறது. ஆகவே இந்நிகழ்ச்சிகளின் நம்பகத்தன்மையை அளக்க, அவற்றில் பொங்கும் உணர்ச்சியைப் பார்ப்பதைவிட அவை எதை விட்டுவிடுகின்றன என்று பார்ப்பதே சரியான வழி. அப்படிப் பார்ப்பதற்கு ஓமலூரும் அதைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியும் நல்ல உரைகல்.

ஓமலூர் வட்டாரத்தில் குடும்பம் என்பது உறவுகளின் கூட்டம் மட்டுமன்று, பல வீடுகளில் அதுவே தொழிற்கூடமும்கூட. தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் விசைத்தறி ஓடுகிறது. சிவதாபுரம் பக்கம் வெள்ளிக்கொலுசுப் பட்டறைகள். மானாவாரி நிலத்தில் மரவள்ளி போட்டவர்கள் சேகோ ஆலை தரும் விலையை எதிர்பார்த்திருக்கிறார்கள். தெற்கே திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் நாமக்கல்லிலிருந்து லாரிகளும் டேங்கர்களும் வடமாநிலங்கள்வரை போகின்றன. அவற்றில் போகும் ஆண்கள் மாதக்கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை. வீட்டிலிருக்கும் பெண்ணின் பெயரில் மகளிர் குழுக் கடனும் நுண்கடன் நிறுவனத் தவணையும் ஓடுகின்றன. இப்படிப்பட்ட வீட்டில் வரும் சந்தேகம், குடி, பிரிவு, மாமியார் மருமகள் பூசல் எதையும் தறியிலிருந்தும் தவணையிலிருந்தும் சாதியிலிருந்தும் பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது. தொலைக்காட்சி அதைத்தான் பிரிக்கிறது.

இந்த வகை நிகழ்ச்சி தமிழுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. பட்டிமன்றத்தில் பழகிய காது, விசு நடத்திய அரட்டை அரங்கத்தில் சாதாரண மனிதர்கள் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசுவதைக் கேட்டது. விஜய் தொலைக்காட்சியில் நடிகை லட்சுமி நடத்திய ‘கதையல்ல நிஜம்’, வீட்டுக்குள் இருந்த விவகாரத்தை அரங்குக்குக் கொண்டுவந்தது. 2006இல் அதே தொலைக்காட்சியில் கோபிநாத் நடத்தும் ‘நீயா நானா’ தொடங்கியது. மாமியார்கள் ஒரு பக்கம், மருமகள்கள் மறுபக்கம் என்று குடும்பமே இரண்டு வரிசையாக உட்காரும் வடிவம் அதனால் பரவலானது. அதே 2006இல்தான் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2011இல் ஜீ தமிழில் ‘சொல்வதெல்லாம் உண்மை’ வந்தது. முதலில் செய்தி வாசிப்பாளர் நிர்மலா பெரியசாமியும் பிறகு இயக்குநரும் நடிகையுமான லட்சுமி ராமகிருஷ்ணனும் அதை நடத்தினார்கள். 2017 ஜூனில் கமல்ஹாசன் தொகுத்து வழங்க ‘பிக் பாஸ்’ தமிழுக்கு வந்தது. நெசவாளி வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் பெட்டி வந்து சேர்ந்த காலமும், அந்த வீட்டுக்காரர்களையே பெட்டிக்குள் காட்டும் நிகழ்ச்சிகள் பெருகிய காலமும் ஏறத்தாழ ஒன்று. பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒரே வர்க்கமாக இருந்ததே இவற்றின் பலம். தன்னைப் போன்ற ஒருவர் திரையில் வருகிறார் என்ற அந்த உணர்வு பொய்யானதன்று. அதனால்தான் இவற்றைக் கேலி செய்து கடந்துபோகாமல் நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

உலகில் இந்த வகைக்கு முன்னோடியாகப் பலரும் சொல்வது 1973இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த ‘ஆன் அமெரிக்கன் ஃபேமிலி’ என்ற தொடரை. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில் வாழ்ந்த லௌட் குடும்பத்தை 1971இல் ஏழு மாத காலம் படக்குழு பின்தொடர்ந்தது. ஏறக்குறைய 300 மணி நேரப் படச்சுருளிலிருந்து 12 பகுதிகள் உருவாயின. மனைவி கணவனிடம் மணவிலக்குக் கேட்பதை ஒரு நாடே பார்த்தது. மானுடவியலாளர் மார்கரெட் மீட் இதை நாடகமும் நாவலும் தோன்றியதற்கு ஒப்பான புதுமையாகப் பாராட்டினார். ஆனால் ஒளிபரப்பான பிறகு அந்தக் குடும்பமே, தங்கள் வாழ்வின் மகிழ்ச்சியான பொழுதுகள் வெட்டப்பட்டு, பிளவு மட்டும் மிஞ்சிவிட்டது என்று முறையிட்டது. அங்கே பொய்யாக எதுவும் படம்பிடிக்கப்படவில்லை. எழுதிக்கொடுத்த வசனமும் இல்லை. இருந்தும் 25 மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் என்று கழித்துக்கட்டும்போது எதை வைப்பது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். பிக் பாஸ் வீட்டில் நாளின் 24 மணி நேரமும் படக்கருவிகள் ஓடுகின்றன, இரவில் காட்டப்படுவது விளம்பரங்களோடு சேர்த்து ஒரு மணி நேர நிகழ்ச்சி. மீதிப் பொழுதில் அந்த மனிதர்கள் சமைத்தார்கள், சும்மா இருந்தார்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். அன்றாட வாழ்க்கையின் பெரும்பகுதி அதுதான், முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

கழித்தல் எங்கும் ஒன்றுபோல் நடப்பதில்லை. குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சிகளின் அமைப்பை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். முதலில் புகார் சொல்பவர் வந்து உட்காருகிறார். அவர் பேசப்பேச அவர் முகம் திரையை நிறைக்கிறது, பின்னணியில் இசை ஏறுகிறது. தொகுப்பாளர் இடையிடையே கேட்கும் கேள்விகள் எல்லாம் யார், எப்போது, எத்தனை முறை என்பவை. ஏன் என்ற கேள்வி வந்தாலும், ஏன் அவளை அடித்தாய் என்ற அதட்டலாகவே வருகிறது. வேலை என்ன, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்பவை ஒரு வரியில் கடந்துபோகும். அதன் பிறகுதான் எதிர்த்தரப்பு அழைக்கப்படுகிறது. அவர் உள்ளே வரும்போதே பார்ப்பவர் மனத்தில் தீர்ப்பு பாதி எழுதப்பட்டுவிட்டது. அவர் தன் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல இடமில்லை, சுமத்தப்பட்டதற்குப் பதில் மட்டும் சொல்லலாம். கூலித்தொழிலாளி தன்னைவிட வயதில் இளையவரிடமும் மேடம் என்று கைகட்டிப் பேச வேண்டும், அவரை ஒருமையில் அதட்டலாம் என்ற ஏற்பாடு கேள்வியில்லாமல் ஏற்கப்படுகிறது. வாய்த்தகராறு கைகலப்பாகும் நொடி வந்தால் அதுவே முன்னோட்டமாகி நாள் முழுக்க ஓடுகிறது. இப்படியொரு குடும்பத்தை நோக்கித் தொகுப்பாளர் அலுத்துச் சொன்ன வாசகம் ஒன்று பின்னர் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பகடியானதும் சினிமாப் பாட்டில் ஏறியதும் தமிழ்நாடே அறிந்தது. அந்தச் சொல்லுக்குக் காரணமான குடும்பத்தின் துயரம் யாருக்கும் நினைவில் இல்லை.

இதை நம் சமூகம் ஏற்கனவே வைத்திருக்கும் இரண்டு அமைப்புகளோடு ஒப்பிடலாம். ஒன்று குடும்பநல நீதிமன்றம். 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலும் விசாரணையைப் பிறர் பார்வையிலிருந்து மறைத்து நடத்த வேண்டும் என்றும் சொல்கிறது. குடும்பச் சண்டையில் உண்மை வெளிவர வேண்டுமானால் வேடிக்கை பார்ப்பவர்கள் இருக்கக் கூடாது என்ற அனுபவ அறிவு அதில் இருக்கிறது. பலர் முன்னால் மானம் காக்கப் பேசுபவர், தனியறையில் தன் தவறையும் ஒப்புக்கொள்வார். மற்றொன்று ஊர்ப் பஞ்சாயத்து. அதற்குச் சாதி வெறியும் ஆணாதிக்கமும் உண்டு, அதைப் போற்றுவதற்கு எதுவுமில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வீட்டின் நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்த வருடம் மழை பொய்த்தது என்பதெல்லாம் தெரியும். தொலைக்காட்சி மன்றமோ நீதிமன்றத்தின் மறைவையும் ஏற்கவில்லை, ஊரின் அறிவையும் பெறவில்லை. ஊருக்கு வெளியே கட்டிய அரங்கில், அந்தக் குடும்பத்தை முன்பின் அறியாத ஒருவர் முன்னிலையில், சில மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டிய நிலை. அப்போது கைக்குக் கிடைக்கும் ஒரே விளக்கம் குணம்தான்: இவன் குடிகாரன், இவள் பொறுப்பில்லாதவள், இந்த மாமியார் கொடுமைக்காரி.

விசைத்தறிக் குடும்பம் ஒன்றின் பொருளாதாரத்தை எண்ணிப் பார்த்தால் இந்த விளக்கம் எவ்வளவு குறைபட்டது என்று தெரியும். தறிக்கு ஆள் சேரும்போது முதலாளி முன்பணம் கொடுக்கிறார். பிள்ளையின் கல்யாணமோ மருத்துவச் செலவோ வந்தால் அந்தத் தொகை ஏறுகிறது. அதைக் கட்டி முடிக்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதித் தொழிற்சங்கங்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் சிக்கல் இது. கணவன் இரவு மாறுதலிலும் மனைவி பகலிலும் தறி ஓட்டினால் இருவரும் விழித்திருந்து பேசும் நேரமே குறைவு. நூல் விலை ஏறினாலும் ஏற்றுமதி சரிந்தாலும் முதலில் நிற்பது கூலித்தறி. தறி நின்ற வாரத்திலும் நுண்கடன் தவணைக்கு ஆள் வாசலில் நிற்பார். 2003இலிருந்து அரசே சில்லறையாக நடத்தும் மதுக்கடை நடக்கும் தூரத்தில் இருக்கிறது. இந்த வீட்டில் ஒருநாள் அடிதடி நடக்கிறது. அடித்தவன் குற்றவாளிதான், எந்தக் கடனும் அந்தக் கையை நியாயப்படுத்தாது. ஆனால் அந்த அடியை மட்டும் காட்டிவிட்டு, முன்பணம், தவணை, நின்றுபோன தறி ஆகியவற்றை வெட்டினால், பார்க்கும் இன்னொரு தறிக்குடும்பம் தன் வீட்டைப் பற்றி எதையும் கற்றுக்கொள்வதில்லை. நாம் அவர்களைப் போல இல்லை என்ற நிம்மதியை மட்டும் பெறுகிறது.

காரணம் வெட்டப்படுவதற்கு இன்னும் தெளிவான சான்று கல்யாணச் சந்தை பற்றிய விவாதங்கள். தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்கவில்லை என்பது தமிழ்த் தொலைக்காட்சி அரங்குகளுக்கும் நகைச்சுவை மேடைகளுக்கும் அலுக்காத தலைப்பு. பெண்களின் எதிர்பார்ப்பு கூடிவிட்டது, சொந்த வீடு கேட்கிறார்கள், அரசு வேலை கேட்கிறார்கள் என்று ஒரு வரிசை சொல்லும், மறுவரிசை மறுக்கும். சேலம் சமவெளியில் இந்தக் கேள்விக்கு மக்கள்தொகைக் கணக்கே பதில் வைத்திருக்கிறது. நாமக்கல் பிரிவதற்கு முந்தைய சேலம் மாவட்டத்தில், 1991 கணக்கெடுப்பின்படி ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அதே ஆண்டு தமிழகச் சராசரி 948. மாநிலச் சராசரியோடு ஒப்பிட்டாலே ஆயிரத்துக்கு ஏறத்தாழ நூறு பெண் குழந்தைகள் காணாமற்போயிருந்தார்கள். ஓமலூர், எடப்பாடி, மேட்டூர் வட்டாரங்கள் பெண் சிசுக்கொலை பற்றிய பேச்சில் தொடர்ந்து அடிபட்ட பெயர்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்டதற்குக் காரணமும் இதுதான். அந்தக் கணக்கெடுப்பில் எண்ணப்பட்ட ஆண் குழந்தைகள் இன்று முப்பதுகளின் நடுவைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு இணையாக வளர்ந்திருக்க வேண்டிய பெண்கள் பிறந்த சில நாட்களிலும் பிறக்கும் முன்பும் கொல்லப்பட்டார்கள். வரதட்சணைக்கும் நிலம் பிரிவதற்கும் அஞ்சிய குடும்பங்கள் அன்று செய்ததன் விளைவு, இன்று பெண்ணின் பேராசை என்ற பெயரில் அரங்கில் விவாதிக்கப்படுகிறது. அரங்கில் பேசுபவர்கள் நடிக்கவில்லை, அந்த இளைஞனின் ஏக்கமும் உண்மைதான். ஆயினும் கொலையுண்ட தலைமுறையை விட்டுவிட்டு, உயிரோடிருக்கும் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் விவாதத்தை யதார்த்தம் என்று அழைக்க முடியாது.

இதே மண்ணைப் பற்றி எழுதும் பெருமாள்முருகனின் ‘கங்கணம்’ நாவலை இங்கே வைத்துப் பார்ப்பது பொருந்தும். முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையாத கொங்கு விவசாயி ஒருவனின் கதை அது. அவனுடைய தவிப்பின் பின்னால் சாதிக்குள்ளேயே பெண் தேட வேண்டிய கட்டாயமும் நிலமும் பெண் சிசுக்களுக்கு நேர்ந்த கதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை நாவல் காட்டுகிறது. அதில் வரும் மாரிமுத்து கற்பனை மனிதன், அவனை அலைக்கழிக்கும் காரணங்கள் உண்மையானவை. விவாத அரங்கில் உட்காருபவர்கள் உண்மை மனிதர்கள், அவர்களுக்குக் கொடுக்கப்படும் காரணங்கள்தாம் கற்பனை. உண்மை ஆட்களை நிறுத்தினாலே யதார்த்தம் வந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஒப்பீடு உடைக்கிறது. யதார்த்தம் காரணகாரியத் தொடர்பில் இருக்கிறது, ஆளின் அடையாள அட்டையில் இல்லை.

குடும்பம் என்ற சொல்லை உச்சரிக்கும் எந்தத் தமிழ் நிகழ்ச்சியும் கிட்டத்தட்டத் தொடாமல் விடுவது சாதி. காதலித்து வீட்டை விட்டுப் போன மகள், கதறும் தாய், முகம் காட்ட மறுக்கும் தந்தை என்ற காட்சி திரையில் பலமுறை வந்திருக்கிறது. பையனுக்கு வேலையில்லை, பெண்ணுக்கு வயது போதவில்லை, பெற்ற மனம் பித்து என்றெல்லாம் பேசப்படும். மறுப்பின் வேர் சாதியாக இருக்கும் இடத்திலும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லாமலே சமரசமோ சண்டையோ முடிந்துவிடும். ஓமலூருக்கு இந்த மௌனத்தின் விலை தெரியும். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் தலித் இளைஞர் கோகுல்ராஜ் அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம், சாதி அமைப்பொன்றின் தலைவர் உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. முதன்மைக் குற்றவாளி உள்ளிட்ட பெரும்பாலோரின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த வழக்கில் முக்கியச் சான்றுகளில் ஒன்று, கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு. அங்கும் உண்மை மனிதர்கள், அங்கும் ஒரு கேமரா. ஆனால் நீதிமன்றம் அந்தப் பதிவை அப்படியே உண்மையென்று எடுத்துக்கொள்ளவில்லை. யார் பதிந்தது, யார் கையில் இருந்தது, இடையில் மாற்றப்பட்டதா என்று கேட்டது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய் இடத்தைப் பார்த்தார்கள். கேமரா காட்டுவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, அது எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு. மின்பதிவுக்குச் சான்றிதழ் கேட்கும் சட்டம் வைத்திருக்கும் ஒரு நாட்டில், கோடிக்கணக்கானோர் குடும்பத்தைப் பற்றிக் கருத்து உருவாக்கிக்கொள்ளும் பதிவுகளுக்கு அத்தகைய கேள்வி எதுவும் இல்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, காவல் நிலையமும் கட்சிக்காரர்களும் காது கொடுக்காத ஏழைப் பெண்ணுக்குத் தொலைக்காட்சியாவது காது கொடுத்தது என்பது. இதில் உண்மை இருக்கிறது. புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணுக்கு, தன் பேச்சை நாடே கேட்கும் வாய்ப்பு சாதாரணமானதன்று. ஆனால் அந்த வாய்ப்பின் பிறகு அவள் கையில் என்ன மிஞ்சியது என்றும் கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாவட்டம்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஓமலூர்ப் பெண் ஒருத்தி சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எந்த அறையில் யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஐந்து நிமிடம், பார்க்கும் ஆயிரம் பெண்களுக்குப் பயன்படும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்கப்படாத இடம் கன்னத்தில் விழும் அறையை மூன்று கோணத்தில் திரும்பக் காட்ட ஒதுக்கப்படுகிறது. குரல் கொடுத்தோம் என்ற உரிமைகோரல் அங்கே தளர்ந்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு, அவர்கள் விரும்பித்தானே வருகிறார்கள் என்பது. ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்துப் போடும் நேரத்தில் எது ஒளிபரப்பாகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஏழு மாதம் படக்குழுவோடு வாழ்ந்த, படித்த, வசதியான லௌட் குடும்பத்துக்கே அது தெரியவில்லை. அரங்கில் கொண்டுவந்து நிறுத்தப்படும் பிள்ளைகளுக்கோ ஒப்புதல் என்ற பேச்சே பொருந்தாது. தன் தாயின் நடத்தை பற்றிய வாதத்தை ஒரு குழந்தை கேட்டபடி நிற்பதும், மறுநாள் அது பள்ளிக்குப் போவதும் நிகழ்ச்சி முடிந்த பிறகும் தொடரும் வாழ்க்கை. இவை பற்றிய கவலை நீதிமன்றத்தையும் எட்டியது. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ‘சொல்வதெல்லாம் உண்மை’ ஒளிபரப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிரிட்டனில் ‘ஜெரமி கைல் ஷோ’ என்ற ஒத்த வகை நிகழ்ச்சியில் பங்கேற்ற ஒருவர் பதிவு முடிந்த சில நாட்களில் இறந்ததை அடுத்து, 2019 மே மாதம் அந்நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. அதன் பின் அந்நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், பங்கேற்பாளர் நலனைக் காக்கும் விதிகளை 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விரும்பி வருவதாலேயே தயாரிப்பாளரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பதை அந்த விதிகள் ஏற்றுக்கொள்கின்றன.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. தேர்ந்தெடுக்காமல் எதையும் காட்ட முடியாது, ஆவணப்படமும் செய்தியும் நாவலும்கூட வெட்டித்தானே காட்டுகின்றன, அப்படியிருக்க ரியாலிட்டி நிகழ்ச்சியை மட்டும் குறை சொல்வது ஏன் என்ற கேள்வி. வெட்டுவது குற்றமில்லைதான். எந்த அடிப்படையில் வெட்டுகிறோம் என்பதில் வேறுபாடு இருக்கிறது. நல்ல ஆவணப்படம் காரணத்தை விளக்கும் துண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கும். இந்நிகழ்ச்சிகள் உணர்ச்சி உச்சத்தை வைத்துக்கொண்டு காரணத்தைக் கழிக்கின்றன. அடுத்த விளம்பர இடைவெளிவரை பார்வையாளரை நிறுத்திவைக்க வேண்டிய வணிகக் கட்டாயம் அது. மேலும், நாவல் தன்னைக் கற்பனை என்று சொல்லிக்கொள்கிறது. இவை நிஜம், உண்மை, ரியாலிட்டி என்ற பெயர்ப்பலகையோடு வருகின்றன. அந்தப் பெயரை விரும்பி எடுத்துக்கொண்டவர்களை அந்தப் பெயரின் அளவுக்கு நிற்கச் சொல்வது அநியாயமாகாது.

பார்வையாளர்கள் ஏமாளிகள் அல்லர், அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றும் சொல்லப்படுகிறது. நடிப்பைக் கண்டுபிடிப்பதில் தமிழ்ப் பார்வையாளர் கெட்டிக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் திரையில் இருப்பதைத்தான் சோதிக்கிறது. திரைக்கு வராத முன்பணத்தையும் சாதியையும் மக்கள்தொகைக் கணக்கையும் அது தேடிப் போவதில்லை. போலி அழுகை மீது எழும் சந்தேகம் அந்த நிகழ்ச்சியோடு முடிந்துவிடும். குடும்பம் உடைவது குணக்கேட்டால்தான் என்ற நம்பிக்கையோ ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மனத்தில் படிகிறது. அதனால்தான் செட்டப்பா என்ற கேள்வி தயாரிப்பாளர்களுக்கு ஆபத்தில்லாத கேள்வி. நடிக்கவில்லை என்று அவர்கள் நேர்மையாகவே மறுக்கலாம், விவாதம் அங்கேயே நின்றுவிடும்.

இந்த வகையால் நல்லதே நடக்காது என்று சொல்வதும் தவறு. 2018இல் விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ போட்டியில் செந்தில் கணேஷ் வென்றபோதும், அவரோடு ராஜலட்சுமியும் மேடையேறிப் பாடியபோதும், நாட்டுப்புறப் பாட்டு தன் வட்டார உச்சரிப்போடும் உடையோடும் பெருந்திரளான வீடுகளுக்குள் போனது. அங்கே அந்தக் கலைஞர்களின் உழைப்பும் திறனும் காட்டப்பட்டன. வறுமை ஒரு பின்கதையாக வந்தாலும் பாட்டு அதை விஞ்சி நின்றது. மனிதர்களை அவர்கள் செய்யும் வேலையோடு சேர்த்துக் காட்டும்போது தொலைக்காட்சி உண்மைக்கு அருகில் வருகிறது என்பதற்கு இது சான்று. வேலையிலிருந்து பிரித்து, வெறும் கணவனாகவும் மனைவியாகவும் மாமியாராகவும் நிறுத்தும்போது விலகிப்போகிறது.

ஆகவே கேட்க வேண்டியவை எட்டாத கனவுகள் அல்ல. குடும்பத் தகராறைக் காட்டும் நிகழ்ச்சி, எத்தனை மணி நேரம் பதிந்து எத்தனை நிமிடம் காட்டுகிறது என்பதைத் திரையிலேயே சொல்ல வேண்டும். பங்கேற்றவர் தொகுத்து முடித்த வடிவத்தைப் பார்த்த பிறகே இறுதி ஒப்புதல் தர வேண்டும், வேண்டாம் என்று விலகும் உரிமையும் வேண்டும். பிள்ளைகளை அரங்குக்குக் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு விவகாரத்திலும் வருமானம், கடன், வேலை நேரம், சாதி அழுத்தம் ஆகியவற்றைக் கேட்டுச் சொல்லும் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் தொகுப்பாளரின் பக்கத்தில் சம இடத்தில் உட்கார வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தக் குடும்பம் எப்படி இருக்கிறது என்று, அவர்கள் சம்மதித்தால், சொல்ல வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் கீழுள்ள நிகழ்ச்சி நெறிமுறையும் ஒளிபரப்பாளர்களே 2011இல் அமைத்துக்கொண்ட புகார்க் குழுவும் இருக்கின்றன, அவற்றின் வழியாகவே இதைக் கேட்கலாம். கேட்க வேண்டியவர்கள் நாம். ஒரு தறிக்காரர் வீட்டுச் சண்டையைப் பார்த்துவிட்டு, அவர்கள் நிஜமாக அழுதார்களா என்று கேட்பதை நிறுத்தி, அவர்களுக்கு முன்பணம் எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினால், பதில் சொல்ல முடியாத நிகழ்ச்சிகள் ரியாலிட்டி என்ற பெயரைத் தாமாகவே இழக்கும். பதில் சொல்லக் கற்றுக்கொள்பவை அந்தப் பெயருக்கு முதல்முறையாகத் தகுதி பெறும்.